பேரூராட்சியின் கண்

இசைவாணிக்கு முனைவர் பட்டம் கிடைத்த செய்தி மேலச்செவக்காட்டுக்கு வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எதற்காகக் கிடைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் குழப்பம் சேர்ந்துகொண்டது.

நூறு வருடத்துக்கு முன்னால் பாரசீகத்தில் பிரதமராக இருந்த ஓர் இளவரசரின் வாழ்க்கை. அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"பாரசீகம் எங்கிட்டு இருக்கு?" என்றார் பால் சொசைட்டி கணக்கர்.

"இப்ப ஈரான்னு சொல்றோம்ல, அதுதாண்ணே."

"அங்க போயிட்டு வந்தியா?"

"இல்ல."

"அந்த ஆள நீ பாத்ததும் இல்ல, ஊரையும் பாத்ததில்ல. பெறகு எதுக்கு டாக்டர் குடுத்தாய்ங்க?"

அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நாயக்கர் காலத்தையும் சுதந்திரப் போராட்டத்தையும் முன்னால் வந்தவர்கள் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். நெறியாளரின் அலமாரியில் தொடப்படாமல் கிடந்தது பாரசீகம் மட்டும்தான். வேறு வழியில்லாமல் எடுத்தாள். கோரிப்பாளையத்தில் மும்தாஜ் டீச்சர் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் பாரசீகம் படித்தாள். இரண்டாம் வருடத்தில் அந்த இளவரசர் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். நல்ல சொந்தக்காரர் இல்லை. ஆனால் பேசினால் கேட்கத் தோன்றுகிற சொந்தக்காரர்.

அவள் தம்பி முகேஷ் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்தான். அக்காவுக்குப் பத்துக்கு எட்டில் ஒரு பேனர் அடித்துக் கட்டினான். 'பாரசீக இளவரசரை ஆராய்ந்து வென்ற எங்கள் மண்ணின் மகளே!' ஒரு பக்கம் கறுப்பு அங்கி போட்ட இசைவாணி. இன்னொரு பக்கம் புசுபுசுவென்று ஒரு வெள்ளைப் பூனை.

"எதுக்குடா பூனை?"

"பெர்சியன்னு போட்டா அதான்க்கா வருது. பாக்கவும் இளவரசர் மாதிரிதான இருக்கு?"

அந்தப் பேனர்தான் பேரூராட்சித் தலைவர் பேயாண்டியின் கண்ணில் பட்டது. மறுநாள் காலை ஆபீசிலிருந்து ஆள் வந்தது. தலைவர் கூப்பிடுகிறார்.

பேயாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு பக்கமும் ஏறி நிற்கிற மீசை, கசங்காத வெள்ளைச் சட்டை, முதுகில் டர்க்கி டவல் விரித்த நாற்காலி. அவருடைய தாத்தாவிடம் ஊரில் பாதி நிலம் இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் பேரன் பேயாண்டியைச் சின்ன ராசா என்று கூப்பிட்டார்கள். வேறு மாதிரி கூப்பிட அவர்களுக்கு வசதியில்லை. இசைவாணியின் அப்பா கருப்பும் அங்கே நாற்று சுமந்தவர்தான். இப்போது அவருக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. ஆனாலும் அவரைவிடப் பத்து வயது சின்னவரான பேயாண்டி இன்றைக்கும் அவரைக் 'கருப்பு' என்றுதான் கூப்பிடுவார். அதனால் இசைவாணி அவரை 'ஐயா' என்று கூப்பிடுவதில்லை. 'தலைவரே' என்பாள். அதில் அவருக்குக் குறை ஒன்றும் தெரியாது, அவளுக்கும் நாக்கு கூசாது.

"வா தாயி. நம்ம கருப்பு மகதான? யாரு அந்த இளவரசரு? சுருக்கமாச் சொல்லு, பதினோரு மணிக்கு எனக்கு ஒரு காதுகுத்து இருக்கு."

மூன்று வருடத்தில் அந்த இளவரசரைப் பற்றி அவளிடம் தானாகக் கேட்ட முதல் ஆள் இவர்தான். இசைவாணிக்கு உடம்பே லேசானது.

"அப்துல் மஜீத் மிர்ஸான்னு பேரு. ராஜாவோட பேரன். ஆனா ராஜாவுக்கு நெறையப் புள்ளைக, அதனால இவர் பெரிய இளவரசர்லாம் இல்ல. படிப்பு ஏறல. பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பிட்டாங்க. வேற ஊர்ல இருந்த பட்டத்து இளவரசர்கிட்ட போயிச் சேந்தாரு. அங்க குதிரை லாயத்துக்கு இவர்தான் பொறுப்பு."

பேயாண்டி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்படியே பட்டத்து இளவரசருக்கு நெருக்கமாகி, அவரு மகளையே கட்டிக்கிட்டாரு. அவரு ராஜாவானதும் கொஞ்ச நாள்ல இவரு பிரதமரானாரு. ஐன் உத் தௌலான்னு பட்டம் குடுத்தாங்க. அரசின் கண்ணுன்னு அர்த்தம்."

பேயாண்டி எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா, இது எங் கதையால்ல இருக்கு!"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஒன்பதாம் வகுப்பில் டிரில் மாஸ்டரைக் கை நீட்டி அடித்ததற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பப்பட்டவர் அவர். கட்சியின் அப்போதைய ஒன்றியச் செயலாளரிடம் போய்ச் சேர்ந்து அவருடைய ஜல்லிக்கட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டார். மாடுகள் வழியாக நெருங்கி, அவருடைய அக்கா மகள் ஜெயக்கொடியைக் கட்டிக்கொண்டார். அந்த ஒன்றியச் செயலாளர் பின்னால் மந்திரியானார். பேயாண்டி பேரூராட்சித் தலைவரானார்.

"அங்க குதிரை, இங்க காளை. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றார். "இதப் புத்தகமாப் போடுறோம். நீதான் எழுதுற. அவரு பாதி, நான் பாதி."

"தலைவரே, கத இதோட முடியல. பிரதமரான பெறகுதான்..."

"பிரதமர் ஆயிட்டான்ல? அதுக்கு மேல என்ன இருக்கு? மிச்சத்தப் பெறகு பாப்போம். காதுகுத்துக்கு நேரமாச்சு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். கருப்பு, "அவருகிட்ட போயி நீயா மாட்டிக்கிட்டியே" என்றார். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கேட்க ஒரு காது கிடைத்துவிட்டால் கதை தெரிந்தவளால் சும்மா இருக்க முடிவதில்லை.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பேனர்கள் முளைத்தன. 'மேலச்செவக்காடு பேரூராட்சியின் கண்ணே!' 'பாரசீகத்தில் பிறக்காத பாரசீக இளவரசே!' எல்லாம் முகேஷின் கைவண்ணம். இளவரசரின் பழைய புகைப்படத்திலிருந்த உயரமான கறுப்புக் கம்பளித் தொப்பியை எடுத்துப் பேயாண்டியின் தலையில் பொருத்தியிருந்தான். மீசைக்கு அவன் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வரப்போகிற தன் பிறந்தநாளுக்கு நிஜமாகவே அப்படி ஒரு தொப்பி வேண்டும் என்றார் தலைவர். மதுரையில் பேண்டு வாத்தியக்காரர்களுக்குச் சட்டை தைக்கிற கடையில் கறுப்புச் சாயம் போட்ட வெள்ளாட்டுத் தோலில் தைத்து வாங்கினார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திறந்த ஜீப்பில் ஊரைச் சுற்றியபோது தலைவரின் நெற்றியிலிருந்து கறுப்பாக வேர்வை வடிந்தது. ஆட்டு வாடைக்கு மூன்று தெரு நாய்கள் ஜீப்பின் பின்னாலேயே ஓடின.

பேனரில் கண் என்று இருந்ததால் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நாலைந்து பெரியவர்கள் புரை பார்க்க வேண்டும் என்று ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு காலண்டர் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் பால் விலை ஏறியது. அதற்கு முந்தின மாதம் கேஸ் ஏறியிருந்தது. மேலச்செவக்காட்டு டீக்கடைக்காரர்கள் கூடிப் பேசி, பன்னிரண்டு ரூபாய் டீயைப் பதினைந்து ஆக்கினார்கள்.

பேயாண்டிக்கு அது தன் பிறந்தநாளைப் பழித்த மாதிரி இருந்தது. எல்லா டீக்கடைக்காரர்களையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். கொடிக்கம்பத்துக்கு முன்னால் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்.

"யாரக் கேட்டு வெலய ஏத்துனீக?"

"பால் வெல ஏறுனப்ப யாரக் கேட்டு ஏத்துனாய்ங்க தலைவரே?" என்றாள் தங்கப்பொண்ணு. பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவள். புருஷன் போன பிறகு பாய்லரோடுதான் அவளுக்கு வாழ்க்கை.

ஆபீஸ் ஊழியர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையானது. "எல்லாரும் தோப்புக்கரணம் போடுங்க" என்றார் பேயாண்டி. போட்டார்கள். தலைமுடி நரைத்தவர்களும் பேரன் எடுத்தவர்களும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார்கள். தங்கப்பொண்ணு, முட்டி வலிக்கிறது, முடியாது என்றாள். அவளை டீ கேனைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார். நின்றாள். தலை குனியவில்லை.

பேயாண்டியின் மகன் முத்துப்பாண்டிக்கு அப்பாவின் வீரம் வீணாகப் போய்விடக் கூடாது என்று தோன்றியது. முழுவதையும் போனில் பிடித்து, பின்னணியில் உறுமிச் சத்தம் சேர்த்து, 'மக்களின் காவலன்' என்று தலைப்புப் போட்டு எல்லாக் குரூப்பிலும் விட்டான். சாயங்காலத்துக்குள் மாவட்டமே பார்த்துவிட்டது. ஆனால் அவன் நினைத்த கண்ணோடு யாரும் பார்க்கவில்லை.

இசைவாணி வீடியோவைப் பார்த்தபோது தான் பாடம் எடுக்கிற கல்லூரியில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். டப்பாவை மூடி வைத்தாள். அவளுடைய ஆராய்ச்சியின் நாலாவது அதிகாரம் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இளவரசர் பிரதமராக இருந்த காலத்தில் சர்க்கரை விலை ஏறியது. தலைநகர் ஆளுநர் சர்க்கரை வியாபாரிகளைப் பிடித்துவந்து உள்ளங்காலில் பிரம்பால் அடித்தார். அதில் வயதான, ஊரே மதிக்கிற ஒரு பெரியவரும் இருந்தார். அங்கே தொடங்கியதுதான் எல்லாம்.

மறுநாள் மேலச்செவக்காட்டில் ஒரு பாய்லரும் பற்ற வைக்கப்படவில்லை. தலைவர் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் கடை இல்லை என்றார்கள் டீக்கடைக்காரர்கள்.

டீ இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் அதற்கு முன் யோசித்ததில்லை. கொத்தனார்கள் சாரத்தில் ஏற மறுத்தார்கள். நிலப் பத்திரம் பேச வந்தவர்கள் எங்கே நின்று பேசுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். பேப்பர் படிப்பதற்கென்று ஊரில் ஓர் இடம் இல்லாமல் போனது. கடைக்காரர்கள் பாய்லர், கேன், கிளாஸ், பெஞ்சு எல்லாவற்றையும் குட்டி யானை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் எல்லைக்கு வெளியே இருந்த பழைய அரிசி ஆலை முற்றத்துக்குப் போய்விட்டார்கள். பேயாண்டியின் அதிகாரம் செல்லாத இடம் அது. ஆலை இப்போது கப்பலூரில் இரும்புப் பீரோ செய்கிற அசோக்குமாருக்குச் சொந்தம். பேயாண்டியின் பிறந்தநாள் ஊர்வலத்தால் அவருடைய லாரி இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. பந்தலும் போட்டுக் கொடுத்து, பாலுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார்.

அங்கே டீ இலவசம். ஊரே வண்டி கட்டாத குறையாக எல்லையைத் தாண்டியது. பஸ்காரர்கள் கேட்காமலே அங்கே ஒரு ஸ்டாப் போட்டார்கள். பேரூராட்சி எழுத்தர் ஒருவர் பைலோடு வந்து, டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இசைவாணி மூன்றாம் நாள் போனாள். பந்தலுக்குள் நுழைந்ததும் கையில் மயிர் சிலிர்த்தது. அவள் படித்து மட்டுமே அறிந்த இடம் அது: டெஹ்ரானில் ஆங்கிலேயத் தூதரகத்தின் தோட்டம், ஆயிரக்கணக்கான வியாபாரிகள், வரிசையாகக் கூடாரங்கள், கொதிக்கிற அண்டாக்கள். இங்கே அண்டாவில் சுக்கு மல்லிக் காபியும் இருந்தது.

தங்கப்பொண்ணு அவள் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தாள். "வா இசை. ஏதோ இளவரசர் கத சொல்லுவியாம்ல. அவருகிட்டப் போயி பாதி சொன்னியாம். எங்களுக்கு முழுசாச் சொல்லு."

இசைவாணி பெஞ்சில் உட்கார்ந்தாள். சர்க்கரை வியாபாரிகள், பிரம்படி, தூதரகத் தோட்டம், அண்டா எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் எழுந்து போகவில்லை. மாஸ்டர் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டே கேட்டு, கிளாஸுக்கு வெளியே ஊற்றினார்.

"அங்க ஒக்காந்தவங்க என்ன கேட்டாங்க?" என்றாள் சரண்யாதேவி. சட்டக் கல்லூரியில் படிக்கிறவள், டீக்கடைக்காரர் ஒருவரின் மகள்.

"மொதல்ல அவரத் தூக்கணும்னு கேட்டாங்க. பெறகு யோசிச்சுப் பாத்து, அவரு போனா இன்னொருத்தர் வருவாரு, அதனால ராஜாவையும் கேள்வி கேக்குற மாதிரி ஒரு பாராளுமன்றம் வேணும்னு கேட்டாங்க."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

தங்கப்பொண்ணு, "நாம அவரு மன்னிப்புக் கேக்கணும்னு மட்டும்தான கேட்டோம்? கொறச்சுக் கேட்டுட்டம்ப்பா" என்றாள்.

அன்றைக்கே சரண்யாதேவி புதுக் கோரிக்கை எழுதினாள். மாதம் ஒரு முறை சந்தைக் கொட்டகையில் மக்கள் கூட்டம் நடத்த வேண்டும். வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். தலைவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

பேயாண்டிக்கு விஷயம் அரைமணி நேரத்தில் போய்விட்டது. ஆனால் அதற்குள் அவருடைய நிலைமையே சரியில்லை. ஜெயக்கொடி வீட்டில் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டாள். "ஒரு பொம்பளைய வெயில்ல கேனைத் தூக்கி நிக்க வச்சீகள்ல? இந்த வீட்டுப் பொம்பள கையால ஒங்களுக்கு டீ கெடையாது" என்றாள். டிரைவர் காலையில் பந்தலுக்குப் போனவன் மதியம்தான் வருகிறான். பேயாண்டிக்குத் தலை விண் விண் என்று தெறித்தது. பந்தலுக்குப் போக மானம் இடம் தரவில்லை.

அன்று சாயங்காலம் இசைவாணியின் வீட்டு வாசலில் அவருடைய கார் வந்து நின்றது. அந்தத் தெருவில் ஓட்டுக் கேட்க மட்டும்தான் அவர் கால் பட்டிருக்கிறது. அப்போதும் வீட்டுக்குள் வந்ததில்லை. கருப்பு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேயாண்டி உள்ளே வந்தபோது அவருக்குக் கால் தானாக எழப் பார்த்தது. பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

"வாங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார்.

பேயாண்டி உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "கருப்..." என்று தொடங்கி நிறுத்தினார். "கருப்பண்ணே, வீட்டுல கொஞ்சம் டீ கெடைக்குமா?"

உள்ளே அம்மா ராக்கம்மாள் பாலை அடுப்பில் வைத்தாள். மகளிடம் மெதுவாக, "வீட்டுல இருக்கதுலயே நல்ல கிளாஸா எடு. தொட்டுக் குடிக்கிறானா பாப்பம்" என்றாள். குடித்தார். இரண்டு கிளாஸ் குடித்தார். இரண்டாவது கிளாஸில் கண் தெளிந்தது.

"நீதான அவிய்ங்ககிட்ட போயி கத சொல்லிக் கெளப்பி விட்டது?"

"ஆமா தலைவரே. அவங்க கேட்டாங்க, சொன்னேன். ஒங்ககிட்டயும் சொல்ல வந்தேன். நீங்கதான் காதுகுத்துக்குப் போனீங்க."

பேயாண்டி சண்டை போடுகிற நிலைமையில் இல்லை. "சரி, இப்பச் சொல்லு. அந்த ஆள் என்ன ஆனான்?"

"ராஜா அவரப் பதவியவிட்டு நீக்கிட்டாரு."

"நீக்கிட்டாரா? வேற மாதிரி எழுத முடியாதா?"

"நடந்தத மாத்த முடியாது தலைவரே."

"நீதான எழுதுற?"

"எழுதத்தான் செய்றேன்."

அவர் மீசையைத் தடவினார். அது அன்றைக்குத் தொங்கிப் போயிருந்தது. "நீக்குன பெறகு? அப்படியே போயிட்டானா?"

"கொஞ்ச வருசம் கழிச்சு, பாராளுமன்றம் வேணும்னு எதுத்து நின்ன ஒரு ஊரப் படையோட முற்றுகை போட்டாரு. அதுவும் பலிக்கல."

"சை!"

"ஆனா அதுக்கப்பறம் அதே பாராளுமன்றம் இருந்த காலத்துலயே மறுபடி பிரதமரானாரு. ரெண்டு தடவ."

பேயாண்டியின் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது. "யாரு? எதுத்தவனையே கூப்புட்டு ஒக்கார வச்சாய்ங்களா?"

"ஆமா. வேற ஆள் சரியா அமையல. இவருக்கு எல்லாரையும் தெரியும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன தாயி!" என்று எழுந்தார். முகத்தில் பிறந்தநாள் களை திரும்பியிருந்தது. வாசலில் நின்று, "வாரேன் கருப்பண்ணே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

கருப்பு மகளைப் பார்த்தார். "அந்த முற்றுகையோட நிறுத்தியிருக்கலாம்ல நீ?"

மறுநாள் பேயாண்டி தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். காரணம், உடல்நலம். ராஜினாமா செய்கிறவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பத்திரிகைக்காரர்கள் பார்த்ததில்லை. துணைத் தலைவர் அழகுபாண்டி பொறுப்புக்கு வந்தார். நல்ல மனிதர். மாதக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டு அன்றைக்கே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். பாய்லர்கள் ஊருக்குத் திரும்பின. டீ பதினைந்து ரூபாய்க்கு நிலைத்தது.

ஆனால் அழகுபாண்டிக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒரே டேங்கர் தண்ணீரை இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, டேங்கர் வரும்போது வயலுக்குப் போய்விடுவார். கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தால் மனைவியை எடுக்கச் சொல்வார். மக்கள் கூட்டத்துக்குத் தேதி கேட்டால் அடுத்த மாதம் என்பார்.

பேயாண்டி இதற்கிடையில் வேறு ஆளாக மாறியிருந்தார். காலையில் தங்கப்பொண்ணு கடைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். எல்லோரும் பார்க்க, எழுந்து நின்று கும்பிட்டு, "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்றார். முதல் தடவை சொன்னதை முகேஷ் போனில் சரியாகப் பிடிக்கவில்லை என்று இன்னொரு தடவையும் சொன்னார். மக்கள் கூட்டம் என்பது தன்னுடைய நெடுநாள் கனவு என்று போகிற கல்யாணங்களில் எல்லாம் பேசினார்.

இரண்டு மாதத்தில் கவுன்சிலர்கள் கூடினார்கள். மந்திரியிடம் பேசத் தெரிந்தவர், கான்ட்ராக்டரை மிரட்டத் தெரிந்தவர், இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். பேயாண்டியை மறுபடியும் தலைவராக்கினார்கள்.

இசைவாணி கோபத்தோடு தங்கப்பொண்ணுவின் கடைக்குப் போனாள். "அக்கா, ஒங்கள வெயில்ல நிக்க வச்ச ஆளு. நீங்க ஒண்ணும் சொல்லலயா?"

"என்னத்தச் சொல்ல? அழகுபாண்டி ரெண்டு மாசமா எந் தெருவுக்குத் தண்ணி விடல." தங்கப்பொண்ணு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். "வரட்டும். இந்தத் தடவ வந்தா மாசா மாசம் கொட்டகைக்கு வந்துதான ஆகணும். நீ எதுக்குக் கெடந்து கொதிக்கிற?"

முதல் மக்கள் கூட்டத்துக்குப் பேயாண்டி மாலையோடு வந்தார். முக்கால் மணி நேரம் பேசத் தயாராக வந்திருந்தார். கூட்டத்தை நடத்த ஊர்க்காரர்கள் தங்கப்பொண்ணுவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அத்தனை வருடம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைச் சமாளித்தவளுக்கு யாரை எப்போது பேசவிடுவது என்று தெரியும் என்பது அவர்கள் எண்ணம். அவள் தலைவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாள். பிறகு கேள்விகள். நாலாவது வார்டில் சாக்கடை மூடி எங்கே? மூடிக்குக் கணக்கில் காசு போயிருக்கிறதே? பிறந்தநாள் பேனருக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம்? முகேஷ் கொட்டகைக் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான். இசைவாணியும் எழுந்து தன் தெரு விளக்கைப் பற்றிக் கேட்டாள். "குறிச்சுக்கிட்டேன்" என்றார் பேயாண்டி. "குறிச்சது போதும், எப்ப எரியும்னு சொல்லுங்க" என்று பின்னாலிருந்து நாலு குரல் வந்தது.

இரண்டாம் கூட்டத்தில் அதே சாக்கடை மூடி. மூன்றாம் கூட்டத்தில் மூடி வந்திருந்தது, ஆனால் அளவு சின்னது. அது பற்றி ஒன்றரை மணி நேரம். பேயாண்டிக்குப் படை, முற்றுகை என்றால்கூட ஒரு கை பார்க்கலாம் போலிருந்தது. சாக்கடை மூடியோடு மனிதன் எப்படிச் சண்டை போடுவது?

கூட்டம் முடிந்து இசைவாணியைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த ஆள் ரெண்டாவது தடவ எம்புட்டு நாள் இருந்தான்?"

"சில மாசந்தான் தலைவரே."

"ஏன்?"

"பாராளுமன்றத்துல கேள்வி கேட்டாங்க."

பேயாண்டி நெடுமூச்சு விட்டார். முதல் முறையாக அவர் இளவரசரைத் தன் கூட்டாளி மாதிரி நினைத்தார் என்று அவளுக்குத் தோன்றியது. "பாவம்" என்றார். அந்த வாரமே மறுபடியும் உடல்நலம் கெட்டுப்போனது. இந்தத் தடவை முகத்தில் மலர்ச்சி இல்லை. அழகுபாண்டி திரும்பிவந்தார், ஆனால் இப்போது மாதம் ஒரு நாள் கொட்டகையில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்ததால், இல்லை என்று சொல்ல மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

கூட்டங்கள் நடந்துகொண்டேயிருந்தன. ஆரம்பத்தில் இருந்த ஆள்கூட்டம் இல்லை. சில மாதம் முப்பது பேர், மழைக்காலத்தில் பத்துப் பேர். பன்றித் தொல்லை, குப்பை வண்டி, சுடுகாட்டுப் பாதை என்று எதையாவது இழுத்து இழுத்துப் பேசுவார்கள். இசைவாணிக்கே சில நேரம் கொட்டாவி வந்தது. ஆனாலும் தவறாமல் போனாள்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது கூட்டம் தொடங்கியிருந்தது. கோச்சடையில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் குழந்தை பிறந்து ஊருக்கு வந்திருக்கிறாள், பிறப்புச் சான்றிதழில் பேர் தப்பாக இருக்கிறது என்று ஒரு அம்மா நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பேயாண்டி வேகமாக உள்ளே வந்தார். தொப்பி இல்லை, டவல் இல்லை. சட்டைகூடக் கொஞ்சம் கசங்கியிருந்தது.

"இந்தா தங்கப்பொண்ணு, எங்க வீட்டு முன்னால ஒரு வாரமா குப்ப அள்ளல. நாத்தம் தாங்கல. ஒடனே என்னன்னு..."

"வாங்கண்ணே" என்றாள் தங்கப்பொண்ணு. "ஒங்களுக்கு முன்னால ஆறு பேர் இருக்காக. ஒக்காருங்க, ஒங்க முறை வரும்."

பேயாண்டி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. எல்லோரும் சான்றிதழ்க்காரம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இசைவாணி பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் வந்து அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கமாகக் குனிந்து, "என்ன பேரு தப்பாப் போட்டாய்ங்களாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.